நாலு மில்லிமீட்டர்

நல்ல ஸ்கேட்டர் யார் என்பதை நான் பாதி காதால்தான் கண்டுபிடிப்பேன். பிளேடு பனிமேல் கரகரவென்று சுரண்டினால் ஆள் உடம்பை எங்கோ தப்பாகச் சாய்த்திருக்கிறான். ஜவுளிக்கடையில் பழகின கை கத்தரியைத் திறந்து மூடாமல் அப்படியே துணிக்குள் ஓட்டிக்கொண்டு போகுமே, அந்த 'ஸ்ர்ர்' கேட்டால் சரி. ஜப்பானின் யூமா ககியாமா ஆடும்போது பல நேரம் அந்தச் சத்தமும் அடங்கிவிடும். அதனால் அவர் ஆட்டத்தை மட்டும் ஃபேனை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். 2025 ஆவணிப் புழுக்கத்தில், புதுச்சேரி வில்லியனூரில், ஃபேனை நிறுத்தியபோது வீட்டில் என்ன பேச்சு வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் ஐஸ் என்றால் மீன் கூடையில் உடைத்துப் போடுவது, இல்லையென்றால் சர்பத் கடையில் சுரண்டிப் போடுவது. இந்தியா முழுக்கத் தேடினாலும் சிம்லாவின் பழைய மைதானம், குருகிராமில் ஒரு மால், லடாக்கில் உறைந்து போகும் குளங்கள், 2011ல் கட்டிப் பல வருஷம் பூட்டிக் கிடந்த டேராடூன் அரங்கம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் சறுக்குவது எனக்குப் புதிதில்லை. அம்மாவுக்குப் பாகூர் பக்கம். சேடை ஓட்டி முடித்த வயலில் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். மாட்டுக்குப் பின்னால் பரம்புப் பலகையைக் கட்டி, கனத்துக்கு என்னைத் தூக்கி அதன்மேல் நிறுத்துவார் மாமா. பலகை நகர்ந்ததும் காலுக்குக் கீழே பூமி வழிய ஆரம்பிக்கும். முதல் தடவை நேராக நின்றேன்; முகம் குப்புறச் சேற்றில். மாமா சிரிக்கவில்லை. "முழங்கால வளைடா மாப்ள, வெறப்பா நிக்காத" என்றார். அவ்வளவுதான் பாடம்.

அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டுதான் 2025-26 சீசனுக்கும் காத்திருந்தேன். அக்டோபரில் பிரான்சின் ஆஞ்செ நகரத்தில் கிராண்ட் பிரி போட்டி வரிசை தொடங்கவிருந்தது. டிசம்பரில் அதன் இறுதிச்சுற்று நகோயாவில். 2026 பிப்ரவரியில் மிலான் ஒலிம்பிக்ஸ். ஆண்களுக்கான நீள ஆட்டம் 13ஆம் தேதி, நம் ஊரில் நள்ளிரவு நேரம். யார் ஜெயிப்பார் என்று கேட்டால் அப்போது எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். காசு கட்டச் சொல்லியிருந்தால் நானும் அந்தப் பெயரின் மேல்தான் கட்டியிருப்பேன். ஆனால் காசு போகிற இடமும் கண் போகிற இடமும் எனக்கு ஒன்றில்லை.

அந்தப் பெயர் இலியா மாலினின். அமெரிக்கர், அப்போது வயது 20. அம்மா தத்யானா மாலினினா, அப்பா ரோமன் ஸ்கோர்னியாகோவ், இரண்டு பேருமே உஸ்பெகிஸ்தானுக்காக ஒலிம்பிக்ஸில் ஆடியவர்கள். அம்மா 1999ல் நான்கு கண்டங்கள் போட்டியில் தங்கம் வாங்கியவர். மகன் 2022 செப்டம்பர் 14 அன்று லேக் பிளாசிட்டில், போட்டியில் அதுவரை எவரும் இறக்காத ஒன்றை இறக்கினார்: நாலு சுற்று ஆக்சல். 2024ல் மாண்ட்ரியால், 2025ல் பாஸ்டன் என்று இரண்டு உலகப் பட்டம். மாண்ட்ரியாலில் நீள ஆட்டத்துக்கு 227.79 புள்ளி, அதற்குமுன் யாரும் அங்கே போனதில்லை.

ஆக்சல் மட்டும் ஏன் தனிச் சாதி என்று தெரிந்தால்தான் ருசி. மற்றத் தாவல்கள் எல்லாம் முதுகு காட்டிப் பின்பக்கமாகப் போய்க் கிளம்புபவை. ஆக்சல் ஒன்றுதான் முகம் முன்னால் பார்க்கக் கிளம்புவது. 1882ல் வியன்னாவில் அதைச் செய்து காட்டிய நார்வேக்காரர் ஆக்சல் பால்சனின் பெயர். முன்னால் பார்த்துக் கிளம்பி, பின்பக்கமாக இறங்க வேண்டும். அதனால் அரைச் சுற்று அதிகம். நாலு சுற்று ஆக்சல் என்றால் உண்மையில் நாலரை. காற்றில் இருக்கக் கிடைப்பது ஒரு விநாடிகூடக் கிடையாது. முக்கால் விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முக்கால் விநாடியை யாராலும் வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. பார்த்ததாகச் சொல்கிறவர்கள் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முந்தின அரை விநாடியைப் பாருங்கள். இடது கால் வெளி விளிம்பில் வளைந்து போகும். இரண்டு கையும் பின்னால் போய்க் காத்திருக்கும். வலது முழங்கால், உயரமான படி ஏறுகிறவனுடையதுபோல, முன்னால் மேலே போகும். மாலினினிடம் இந்தப் படியேற்றத்தில் பதற்றமே தெரியாது. பலர் பெரிய தாவலுக்கு முன்னால் அரங்கத்தின் பாதியைத் தயக்கத்திலேயே கழிப்பார்கள். தோள் உயரும், முகம் இறுகும். இவர் முகத்தில் அரட்டை நடுவே எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவனின் முகம். அந்த அலட்சியம் எனக்குச் சில நாள் பிடிக்கும், சில நாள் பிடிக்காது.

எனக்கு எப்போதும் பிடிப்பது அவருடைய இன்னொரு சரக்கு: 'ராஸ்பெரி ட்விஸ்ட்'. ரஷ்ய மொழியில் 'மலினா' என்றால் ராஸ்பெரிப் பழம். குடும்பப் பெயரிலிருந்தே பிடுங்கின பெயர். உடம்பு தரைக்குக் கிடையாகப் படுத்தபடி காற்றில் முறுக்கிக்கொண்டு திரும்பும். தாவல் பட்டியலில் அதற்கு விலை கிடையாது. விலை இல்லாத இடத்தில் ஒருவன் என்ன செய்கிறான் என்று பார்த்தால் அவன் ஆட்டக்காரனா கணக்கனா என்று தெரிந்துவிடும். அந்த விதத்தில் மாலினினை நான் ஆட்டக்காரர் என்றே ஒப்புக்கொள்கிறேன்.

இனி நாலு மில்லிமீட்டருக்கு வருவோம். ஸ்கேட்டிங் பிளேடின் அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான். அடிப்பக்கம் நடுவில் குழிவாகத் தீட்டியிருக்கும். அதனால் ஒரே பிளேடுக்கு இரண்டு விளிம்பு, உள் விளிம்பு, வெளி விளிம்பு. ஆட்டம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கிற பேரம். இந்தக் கலைக்கு ஃபிகர் ஸ்கேட்டிங் என்று பெயர் வந்ததே பனிமேல் பிளேடால் உருவம் வரைந்ததால். எட்டு என்ற எண்ணைப்போல வட்டம் வட்டமாகப் போட்டு, அதே கோட்டின்மேல் மூன்று தடவை போக வேண்டும். நடுவர்கள் குனிந்து, கோடு பிசகியிருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். மார்கழி விடியலில் இழை பிரியாமல் கோலம் போடுகிறவளிடம் கேட்டால் இதில் எங்கே கஷ்டம் என்று சொல்லிவிடுவாள். தொலைக்காட்சிக்கு அது சுவையாக இல்லை. 1990க்குப் பிறகு அந்தப் பரீட்சை உலகப் போட்டியிலிருந்து போயே போய்விட்டது. கோடு போகவில்லை. தெரிந்தவர்கள் இன்னும் அதைத்தான் தேடுகிறார்கள்.

எங்கள் தெருவுக்கு அந்தப்புறம் சக்கரம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். வில்லியனூர் சுடுமண்ணுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஊர், வி.கே. முனுசாமி 2020ல் பத்மஸ்ரீ வாங்கினது இந்தச் சுடுமண்ணை வைத்துத்தான். நம் பெரியவர் பட்டம் எதுவும் வாங்கவில்லை. அகலும் பானையும் போடுகிறார். ஒரு மத்தியானம் என் போனில் ஒவ்வொருவராகப் போட்டுக் காட்டினேன். நாலு சுற்றுத் தாவல் வந்தபோதெல்லாம் அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். சுழல் வந்ததும் போனைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"இவன் நகர்றான் பாரு" என்றார் ஒருவரைக் காட்டி. எனக்குத் தெரியவில்லை. திரும்பப் போட்டேன். பின்னால் இருந்த விளம்பரப் பலகையின் எழுத்து ஒன்றை வைத்துப் பார்க்கச் சொன்னார். ஆமாம்: சுழல ஆரம்பித்தபோது அந்த எழுத்துக்கு நேராக இருந்தவன், முடிக்கும்போது இரண்டு எழுத்து தள்ளி இருந்தான். பனிமேல் அவன் சங்கிலிபோல வளையம் வளையமாகப் போட்டுக்கொண்டே போயிருக்கிறான். நல்ல சுழலில் அத்தனை வளையமும் ஒன்றின்மேல் ஒன்று விழும். விதிப்புத்தகத்திலும் நடு விலகாத சுழலுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. பெரியவர் விதிப்புத்தகம் படித்தவரில்லை. "மண்ணு நடுவுல ஒக்காரலைன்னா பானை ஆடும் தம்பி. ஆட ஆரம்பிச்சா அப்புறம் கைய வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. மொதல் அமுக்குலயே நடுவுக்கு வந்துடணும்."

அடுத்து ஜேசன் பிரவுனைக் காட்டினேன். அமெரிக்கர், அப்போது முப்பது வயது. இந்த விளையாட்டில் அது தாத்தா வயது. சுழலும்போது ஒரு கால் தலைக்கு மேலே போய், முதுகு வளைந்து, கை மெல்லத் திறந்து மூடும். அத்தனை நேரமும் கீழே அந்த ஒரு புள்ளி அசையாது. பெரியவர் முழுதும் பார்த்தார். வெற்றிலை கையிலேயே இருந்தது.

"இங்க மண்ணு சுத்துது, நாம ஒக்காந்திருக்கோம். இவனுக்கு மண்ணும் அவனே, கையும் அவனே" என்றார். கொஞ்சம் கழித்து, "இவன் எத்தினியாவது வந்தான்?"

"பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல ஆறாவது, பெரியப்பா."

"ஏன்?"

"நாலு சுத்துத் தாவல் அவன்கிட்ட இல்ல."

"நாலு சுத்துறவனுங்கள்லாம் நடுவுல நிக்கறானுங்களா?"

இந்தக் கேள்வியை நடுவர் குழுவிடம்தான் கேட்க வேண்டும். நாலு சுற்றே இல்லாமல் 2022ல் ஆறாவதாக வந்ததே ஒரு கொண்டாட்டம்தான் என்று அவருக்கு விளக்கினேன். அவர் சமாதானமாகவில்லை. மிலானுக்கு பிரவுன் போவாரா என்பதே அப்போது அமெரிக்க அணியில் இருந்த மூன்று இடத்தைப் பொறுத்திருந்தது. போகாவிட்டால் நஷ்டம் பார்க்கிறவர்களுக்குத்தான் என்று நினைத்தேன்.

சரி, ககியாமா. யோகோஹாமாக்காரர், அப்போது வயது 22. அப்பா மசகசு 1992, 1994 ஒலிம்பிக்ஸ்களில் ஆடியவர், மகனுக்குப் பயிற்சியாளரும் அவரே. அப்போது இத்தாலியின் கரோலினா கோஸ்ட்னரும் சேர்ந்து சொல்லித்தந்தார். பெய்ஜிங்கில் 18 வயதில் வெள்ளி. பாஸ்டனில் மூன்றாவது. அந்த சீசனின் நீள ஆட்டத்துக்குப் புச்சினியின் 'தூரந்தோ' இசை. அது முதன்முதலில் மேடையேறியது 1926ல், மிலானின் லா ஸ்காலா அரங்கில். நூறாவது வருஷத்தில் அதே ஊருக்கு அதை எடுத்துக்கொண்டு போவது துணிச்சலா, சாதுரியமா என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இசைகூட இரண்டாம் பட்சம். அவர் தரையிறங்கும் வலது முழங்கால்தான் என் சீசன் டிக்கெட்.

தாவலிலிருந்து இறங்குவது எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் என்று நினைப்போம். பின்பக்கமாக, ஒற்றைக் காலில், வெளி விளிம்பில். முதலில் பனியைத் தொடுவது பிளேடின் முன்பல். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். சிலருக்குக் கணுக்காலில் முட்டும். மாடிப்படியில் கடைசிப் படி இல்லை என்று தெரியாமல் காலை வைத்ததுபோல உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கும். சிலர் இடுப்பை மடித்துச் சமாளிப்பார்கள். ககியாமாவின் முழங்கால் முன்பல் பட்ட கணத்திலேயே கீழே போகத் தொடங்கிவிடும். போகும், போய்க்கொண்டே இருக்கும். விழுகிற கனம் முழுவதையும் அந்த மூட்டு வாங்கி, வேகமாக மாற்றிப் பின்னால் அனுப்பிவிடும். அதனால் இறங்கிய பிறகு அவர் வேகம் கூடுவதாகவே தோன்றும். மற்றக் கால் பின்னால் விரியும்போது விரல் நுனிவரை ஒரே இழுப்பு. கையில் கொண்டுவந்த தண்ணீர்க் குடத்தை நிறைகுடமாகவே இறக்கி வைக்கிற லாவகம் அது. ஒரு சொட்டு சிந்துவதில்லை. அவருடைய நாலு சுற்று சால்கோவைத் தாவலுக்காகப் பார்க்காதீர்கள். இறங்கின பிறகு ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். இரண்டு முடிந்தும் அந்த வளைவு போய்க்கொண்டிருக்கும்.

பலவீனம் இல்லையா? உண்டு. ஒன்று தப்பினால் அடுத்ததிலும் மனசு தப்பிவிடுகிற நாள்கள் அவருக்கு வருகின்றன. 2025 பிப்ரவரியில் ஹார்பின் ஆசியப் போட்டியில் அவரை இரண்டாவதாகத் தள்ளிவிட்டுத் தங்கம் வாங்கியவர் கொரியாவின் சா ஜுன்-ஹ்வான். சாவிடம் நான் தேடுவது ஒரே ஒரு நிலை: இரண்டு காலும் ஒன்றுக்கொன்று இணையாக, வெவ்வேறு கோட்டில், ஒரு முழங்கால் மடிந்து மறு கால் நீண்டு, முதுகு பின்னால் வில்லாகச் சாய்ந்து அரங்கத்தின் குறுக்கே போவது. இனா பவர் என்ற ஜெர்மன் ஆட்டக்காரியின் பெயரால் அழைக்கிறார்கள். சா அதைச் செய்யும்போது வைகாசித் தேர் நிலைக்குத் திரும்பும் கடைசி வளைவு எனக்கு ஞாபகம் வரும். பெரிய உடல் சாய்கிறது, ஆனால் எவருக்கும் பயம் வரவில்லை. எங்கள் திருக்காமீசுவரர் தேரை பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்து இழுத்த வழக்கம் இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது. பேச்சு பிரான்சுக்கு வந்துவிட்டது, நல்லதுதான்.

பாரீஸ் பக்கத்தில் என் பெரியம்மா மகன் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுக்கு இப்படி ஓர் அண்ணன் உண்டு. அவருக்கு ஸ்கேட்டிங் என்றால் அதாம் சியாவ் ஹிம் ஃபா. "நம்ம ஆளுடா" என்பார். எப்படி நம்ம ஆள் என்றால், அதாமின் பெற்றோர் மொரீசியஸிலிருந்து போனவர்கள், சீன வம்சம். அந்தத் தீவில் பிரெஞ்சுக்காரன் ஊர் கட்டினபோது கல் வேலைக்கும் மர வேலைக்கும் புதுச்சேரியிலிருந்துதான் ஆள் போனார்கள். அந்தக் கணக்கில் உறவு. அண்ணனின் கணக்குகள் எல்லாமே இப்படித்தான். ஆனால் ரசனை மோசமில்லை.

அதாமுக்கு அப்போது வயது 24. 2023லும் 2024லும் ஐரோப்பியப் பட்டம். 2024 மாண்ட்ரியாலில் குறு ஆட்டத்தில் 19ஆவது இடத்தில் கிடந்தவர், நீள ஆட்டத்தில் ஏறி வெண்கலம் வரை வந்தார். அதே வருஷம் ஜனவரியில், ஐரோப்பியப் போட்டியில், அப்போது தடை செய்யப்பட்டிருந்த பின்குட்டிக்கரணத்தைப் புள்ளி போகும் என்று தெரிந்தே போட்டார். 1976ல் அமெரிக்கர் டெர்ரி குபிக்கா அதைப் போட்டதும் விதி எழுதித் தடுத்தார்கள். 1998ல் நகானோவில் பிரான்சின் சூர்யா பொனாலி அதைப் போட்டு ஒற்றைக் காலில் இறங்கினது தெரிந்த கதை. 2024ல் தடை நீங்கிவிட்டது. இப்போது ஆளாளுக்குப் போடுகிறார்கள். திருட்டு மாங்காயின் புளிப்பு போய்விட்டது.

அதாமிடம் நான் பார்ப்பது கரணத்தை அல்ல, தாவலுக்கும் தாவலுக்கும் நடுவில் இருப்பதை. காலை மாற்றும்போது அவர் நேராக மாற்றுவதில்லை. ஒரு சின்னத் திருப்பம், ஒரு தோள் சாய்ப்பு, இடுப்பிலிருந்து ஒரு வெட்டு. பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கையை ஆட்டுகிறவர்போல. அதிகமானால் அலுக்கும், அளவாக இருந்தால் கண் எடுக்க முடியாது. அவர் நாட்டின் கெவின் எமோஸ், 2023 சைதாமா உலகப் போட்டியில் நாலாவது வந்தவர், இதற்கு நேர் எதிர்: கை பேசாது, முகம் அழும்.

கஜகஸ்தானின் மிகாயில் ஷைதரோவை அப்போது யாரும் பெரிதாகப் பேசவில்லை. பாஸ்டனில் மாலினினுக்கு அடுத்து வெள்ளி வாங்கிய பிறகும் பேசவில்லை. அப்போது வயது 21. பயிற்சியாளர் அலெக்சி உர்மானோவ், 1994 ஒலிம்பிக்ஸ் தங்கம். ஷைதரோவின் கைச்சரக்கு ஒரு தொடர்: மூன்று சுற்று ஆக்சல், நடுவில் ஆய்லர் என்ற ஒற்றைச் சுற்றுத் தாவல், அதோடு நாலு சுற்று சால்கோ. போட்டியில் அதை முதலில் செய்தவர் அவரே. தொடர் தாவலில் இருக்கிற வேகம் ஒவ்வொன்றுக்கும் குறையும். அதனால் எல்லாரும் பெரியதை முன்னால் வைத்துச் சின்னதைப் பின்னால் வைப்பார்கள். இவர் பெரியதைக் கடைசிக்கு வைத்திருக்கிறார். காதால் கேளுங்கள்: ஒரு தட்டு, உடனே குட்டியாக ஒரு தட்டு, பிறகு ஒரு மௌனம். அந்த மௌனம் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் நீளும். பிறகு விழும் கடைசித் தட்டு. தவில்காரர் முத்தாய்ப்பை அரைக் கணம் தள்ளி வைத்தால் கூட்டம் மூச்சைப் பிடிக்குமே, அப்படி. காட்சி ஆட்டத்தில் இதே ஆள் குங்ஃபூ பாண்டா உடை மாட்டிக்கொண்டு வயிறு குலுங்க ஆடினார். சிரித்துக்கொண்டே பார்த்தேன், அந்த மூட்டைக்குள்ளும் விளிம்பு பிசகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாகூர் போயிருந்தேன். மாமாவுக்கு இப்போது நடை குறைவு. சம்பாவுக்கு டிராக்டர்தான் சேடை ஓட்டுகிறது, அவர் வரப்பில் நாற்காலி போட்டுக் கத்துகிறார். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தவரிடம் போனை நீட்டி ககியாமாவைக் காட்டினேன். முழங்காலைப் பாருங்க மாமா என்றேன். பார்த்தார். "ம்" என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. ஆட்டம் முடிந்து, ஆள்கள் போய், பனியைச் சமன் செய்யும் வண்டி உள்ளே வந்தது. கீறி உழப்பட்டுக் கிடந்த தரையின்மேல் மேல்தோலைச் சீவி, பின்னால் சுடுதண்ணீரைத் துணியால் தடவிவிட்டுக்கொண்டே, ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறது. போன இடம் எல்லாம் கண்ணாடி. ககியாமாவின் வளைவு, ஷைதரோவின் மூன்று குழி, யாருடையது என்று தெரியாத சங்கிலி வளையங்கள், எல்லாம் அழிந்துகொண்டே வந்தன.

மாமா எழுந்து உட்கார்ந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"யார்றா இவன்? பரம்பு எவ்ளோ சுத்தமா அடிக்கறான் பாரு. ஒரு எடத்துல மேடு வுடல" என்றார். "இத இன்னொரு வாட்டி போடு."